வீட்டுக்காரருக்கு வயது அறுபது

“2009 ஆகஸ்ட் 16, ஞாயிறு. காலையில் வெயில், மாலையில் புழுக்கம். மீன்காரம்மாவின் மூத்த மகள் பிறந்தபோது மீன்காரம்மாவுக்கு வயது ஆறு. கம்ப்யூட்டர் சிவப்புக் காட்டுகிறது. நேரில் போய்க் கேட்க வேண்டும்.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான். நான் நாட்குறிப்பு எழுதுவது உலக விஷயங்களுக்காக அல்ல. பால்காரர் எந்தத் தேதியிலிருந்து விலையை ஏற்றினார், என் கணவர் ஒட்டடை அடிப்பதாக எந்தக் கிழமை வாக்குக் கொடுத்தார் என்பதில் தகராறு வந்தால் எடுத்துக் காட்டுவதற்காக. அதனால் தேதியில் மட்டும் தப்பு இருக்காது. மற்றவற்றுக்கு அந்த அளவு உத்தரவாதம் தர முடியாது.

அப்போது நாங்கள் அண்ணாமலை நகரில் குடியிருந்தோம். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவரின் தம்பி, மாணவர்கள் தங்கும் லாட்ஜுகளுக்கு நடுவில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். விடுமுறையில் மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டால் அவனுக்கு வேலை கிடையாது. வேலை இல்லாத தம்பி ஆபத்தானவன்.

மீன்காரம்மா கிள்ளைக்கு அப்பால் உள்ள ஒரு குப்பத்திலிருந்து காலை பஸ்ஸில் அன்னக்கூடையோடு வருவார். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குச் சங்கரா, எந்த வீட்டுக்குக் காரப்பொடி, எந்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் இறால் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒருநாள் கூடையை இறக்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்தக் கால் இன்னும் கொஞ்ச நாள்தான் பஸ் ஏறும் என்றும், எதிர்வீட்டுக்காரிக்கு முதியோர் பென்ஷன் வருகிறது, தனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை என்றும் சொன்னார். எழுதிப் போட்டீர்களா என்று கேட்டேன். எழுதிப் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்றார்.

இதை நான் தம்பியிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவன் அன்று மாலையே ஒரு திட்டத்தோடு வந்தான். குப்பத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது. வயது, குடும்ப அட்டை, யார் விதவை, யார் கர்ப்பிணி, யாருக்கு மகன் இருக்கிறான், யாருக்கு இல்லை, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. எந்த உதவி யாருக்குக் கிடைக்கும், யார் வாங்காமல் இருக்கிறார்கள் என்று அதுவே கண்டுபிடிக்கும். தகுதி இருந்தால் பச்சை, பதிலில் கோளாறு இருந்தால் சிவப்பு.

“நாம ஒண்ணும் யோசிக்கவே வேணாம் அண்ணி. அது பாத்துக்கும்” என்றான்.

2004 டிசம்பரில் அலை வந்து போன பிறகு அந்தக் குப்பத்துக்குக் கணக்கெடுக்க வராத ஆள் இல்லை. அலையில் போனவர்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இருந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். பாத்திரம் கொடுக்க ஒரு கணக்கு, வலை கொடுக்க ஒரு கணக்கு, வீடு கட்ட ஒரு கணக்கு, மனசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கணக்கு. நாங்கள் போன சமயத்தில், கேள்வி கேட்பதில் எங்களுக்கு இருந்த பழக்கத்தைவிடப் பதில் சொல்வதில் அவர்களுக்கு இருந்த பழக்கம் பல மடங்கு ஜாஸ்தி. முதல் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எத்தினி பேர் இருந்தா நல்லதும்மா?” என்று அந்த வீட்டுப் பெண் திருப்பிக் கேட்டார்.

இப்படியே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. தம்பி எல்லாவற்றையும் ஏற்றி முடித்துப் பெருமையோடு என்னை உட்கார வைத்துத் திரையைக் காட்டினான். பாதிக் குப்பம் பச்சையாக இருந்தது. எல்லாமே பேறுகால உதவி. ஒரே வீட்டில் நான்கு கர்ப்பிணிகள் இருந்தார்கள். அந்த வீட்டில் இருந்தது மனைவியை இழந்த ஒரு பெரியவர் மட்டும்தான் என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. படிவங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். பிறகுதான் விளங்கியது. எங்கள் படிவத்தில் ‘கர்ப்பிணிகள் எத்தனை’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘ஆடுகள் எத்தனை’ என்ற கட்டம் இருந்தது. தம்பி ஏற்றும்போது ஒரு கட்டம் தள்ளி ஏற்றியிருந்தான்.

ஆடுகளைத் திருப்பி ஓட்டிவிட்ட பிறகு பச்சை குறைந்தது. மிச்சம் இருந்தவை உண்மையான பச்சைகள். இரண்டு விதவைகள், நடக்க முடியாத ஒருவர், இன்னும் சிலர். அவர்களுக்கெல்லாம் மனு எழுதிப் போட்டோம், பெரும்பாலும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் யாருக்காக ஆரம்பித்தோமோ அந்த மீன்காரம்மாவின் வரிசை மட்டும் சிவப்பாக இருந்தது. குடும்ப அட்டைப்படி அவருக்கு ஐம்பத்தெட்டு. எதிர்ச் சாரியில் தனி அட்டையோடு வாழும் மூத்த மகளுக்கு ஐம்பத்திரண்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் பதினைந்து வருஷமாவது இடைவெளி இருக்க வேண்டும் என்று தம்பி கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருந்தான்.

அந்நாளில் முதியோர் பென்ஷனுக்கு அறுபத்தைந்து ஆகியிருக்க வேண்டும். மீன்காரம்மாவுக்கு மற்ற எல்லாத் தகுதியும் இருந்தது. ஆண்பிள்ளை கிடையாது, சொந்தப் படகு கிடையாது, வறுமைப் பட்டியலில் பேர் இருந்தது. வயது ஒன்றுதான் அடம்பிடித்தது.

சிவப்பைப் பார்த்த மறுநாள் மாலை போனோம். மீன்காரம்மா கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் நிழலில் மகளோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் மகளைத்தான் முறைத்தார்.

“ஒன்ன யாருடி அம்பத்திரண்டு சொல்லச் சொன்னது?”

“எனக்கு அம்பத்திரண்டுதானம்மா” என்றார் மகள்.

“அதுக்காவ? கேட்டா சொல்லிர்றதா?”

தம்பி சமரசத்தில் இறங்கினான். யாருடைய வயதையாவது கொஞ்சம் நகர்த்தினால் சிவப்பு போய்விடும் என்று சொல்லிப் படகின் முதுகில் சாக்பீஸால் கணக்குப் போட ஆரம்பித்தான். பென்ஷன் கிடைக்க வேண்டுமானால் தாய் வயதைத்தான் ஏற்ற வேண்டும் என்பதை அவன் அப்போதைக்கு மறந்துவிட்டான். அவனுக்குச் சிவப்பு போனால் போதும். மகளை நாற்பதாக்கினான். மகளின் மகனுக்கு முப்பது. ஆகவே மகள் பத்து வயதில் பெற்றவள் ஆனாள். பேரனை இறக்கலாம் என்றால் அவன் பத்தாவது வரை படித்தவன், பள்ளிக்கூடத்து டி.சி. கையில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் அசையாத ஒரே ஆவணம் அதுதான். தம்பி சாக்பீஸைக் கீழே போட்டான். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து கணக்கைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மகளைத் தங்கை என்று எழுதிவிடலாம் என்றார் ஒருவர்.

“சரி, உங்க உண்மையான வயசு என்னம்மா?” என்று கேட்டேன்.

அதற்கு மீன்காரம்மா நேராகப் பதில் சொல்லவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னதை நான் தொகுத்துத் தருகிறேன். அலைக்குப் பிறகு அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அறுபத்தைந்து ஆனவர் படகில் ஏறக் கூடாது. கரையில் இருந்து வலை பார்க்கலாம், அதற்குப் பாதிப் பங்கு. வயதை நிரூபிக்க ஊரில் யாரும் காகிதம் கேட்பதில்லை. ஆள் சொல்வதுதான் வயது, எந்தக் காகிதமும் அதை வெளிப்படையாக மறுக்காத வரைக்கும். மீன்காரம்மாவின் வீட்டுக்காரர் கடலை விட மனமில்லாதவர். ஆகவே அவர் அறுபதில் நங்கூரம் போட்டிருந்தார். கல்யாணத்தின்போது பெண்ணுக்கு மாப்பிள்ளையைவிட இரண்டு வயது குறைவு என்று இரு வீட்டாரும் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் அவர் தன் வயதை எங்கே நிறுத்துகிறாரோ அதற்கு இரண்டு படி கீழே இவர் நிற்க வேண்டியிருந்தது.

“அவரு எறங்குனா நானும் எறங்கணும். பொம்பள ஏறி நிக்க முடியுமா?” என்றார்.

ஆக, மீன்காரம்மா அறுபத்தைந்து என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறினால் வீட்டுக்காரர் தானாகவே அறுபத்தேழு ஆகிவிடுவார். மனைவி பென்ஷன் வாங்கினால் அவர் கரையில் உட்கார வேண்டும். கம்ப்யூட்டரில் இதற்குக் கட்டம் இல்லை.

இந்த இடத்தில் வீட்டுக்காரரே வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், தலைமுடிக்கு அன்றுதான் கருமை பூசியிருந்தார், காதிலும் கொஞ்சம் பூசியிருந்தது. விஷயம் அவருக்கு முன்பே எட்டியிருந்தது. மனைவிக்குப் பென்ஷன் வருவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் இப்போது என்ன அவசரம், முறைப்படி அவளுக்கு அறுபத்தைந்து ஆகட்டும், இன்னும் ஏழு வருஷம்தானே என்றார்.

மீன்காரம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏழு வருசம் கழிச்சிக் கேட்டா நீ இன்னா சொல்லுவ?”

“இன்னா சொல்லுவேன்?”

“அறுவதும்ப. அப்பவும் நான் அம்பத்தெட்டுதான். நான் செத்த அன்னைக்கும் அம்பத்தெட்டுதான். நாம வயசாவாம நிக்கிறோம், கால்மூட்டு மட்டும் வயசாயிட்டே போவுது.”

வலைக்காரர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. படகில் சாய்ந்துகொண்டு, கடலுக்குப் போகாவிட்டால் பகலெல்லாம் வீட்டில்தான் இருப்பேன், அது உனக்குச் சம்மதமா என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். மிரட்டலாகச் சொன்னாரா, மன்றாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. மீன்காரம்மா என் பக்கம் திரும்பினார்.

“எழுதிக்கோ டீச்சரம்மா. அவருக்கு அறுவது. எனக்கு எழுவது. நான் அவருக்கு மூத்தவ.”

மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தப் பக்கத்தில் ஒரு பெண் தன்னைவிட இளையவனைக் கட்டியிருக்கிறாள் என்றால் ஊர் அதை ஒரு தலைமுறைக்கு வைத்துச் சாப்பிடும். பத்து வயது இளையவன் என்றால் அது விருந்து. வீட்டுக்காரர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. படகு தங்கும், மானம் போகும்.

“படகு இருக்குமில்ல?” என்று மட்டும் வலைக்காரர்களைக் கேட்டார்.

இருக்கும் என்றார்கள். சொல்வதுதானே வயது.

தம்பி வீட்டுக்கு வந்து புது வயதை ஏற்றினான். தாய்க்கு எழுபது, மகளுக்கு ஐம்பத்திரண்டு. சிவப்பு போய்ப் பச்சை வந்தது. தந்தைக்கு அறுபது, மகளுக்கு ஐம்பத்திரண்டு என்பதைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. தந்தை வயதைச் சரிபார்க்க அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

“அப்பா எட்டு வயசுலயாடா?” என்று கேட்டேன்.

“அப்பன் வயச எந்த ஆபீஸ்லயும் கேக்க மாட்டாங்க அண்ணி” என்றான். அவன் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

அட்டையில் உள்ள வயதை மறுக்க டாக்டரின் வயதுச் சான்று வேண்டும். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். வீட்டுக்காரரும் துணைக்கு வந்தார். டாக்டர் மீன்காரம்மாவின் பல்லைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், முழங்காலை மடக்கிப் பார்த்தார். பிறகு வழக்கமாகப் பார்ப்பதுபோல் பக்கத்தில் நின்றவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“சார், அவ வயச மட்டும் பாருங்க. என்னப் பாக்காதீங்க” என்றார் வீட்டுக்காரர்.

எழுபது இருக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ‘இருக்கலாம்’ என்று போட்டது எனக்குப் பிடித்தது. என் நாட்குறிப்பில் நானும் அந்தச் சொல்லை அடிக்கடி பயன்படுத்துகிறேன்.

மனு கொடுத்து இரண்டு மாதம் ஆகியும் தகவல் இல்லாததால், 2009 நவம்பர் 9, திங்கட்கிழமை, கடலூரில் கலெக்டர் ஆபீசில் மக்கள் மனு கொடுக்கும் நாளுக்குப் போனோம். நான், தம்பி, மீன்காரம்மா. வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி பொறுமையானவர். குப்பம் முழுவதன் விவரமும் இருப்பதாகத் தம்பி மிடுக்காகச் சொல்லி ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டினான். அவர் இரண்டு பக்கம் புரட்டினார், மூன்றாவது பக்கத்தில் நின்றார்.

“இந்த வீட்ல நாலு கர்ப்பிணியா? அறிக்கையே வரலியே” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

தம்பி எட்டிப் பார்த்தான். பழைய பிரதியை அச்சடித்து எடுத்து வந்திருந்தான்.

“சார், அது ஆடு” என்றான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் மாட்டிக்கொண்டு, பேறுகால உதவி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். ஆட்டுப் பக்கங்களை ஒதுக்கி வைத்துவிட்டு மீன்காரம்மாவின் மனுவை மட்டும் எடுத்து, ஒருவேளை எங்கள் மேல் இருந்த சந்தேகத்தினாலோ என்னவோ, ஒவ்வொரு வரியாகப் படித்தார். கணவர் வயது அறுபது என்ற இடத்தில் விரலை வைத்தார்.

“வீட்டுக்காரர் உங்களவிட பத்து வயசு சின்னவரா?”

“ஆமாங்க சார். அப்ப எனக்கு வெவரம் பத்தல” என்றார் மீன்காரம்மா.

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். தோள் மட்டும் குலுங்கியது.

2010 ஏப்ரல் 7, புதன்கிழமை முதல் பென்ஷன் வந்தது. அப்போது தபால்காரர் பணத்தைக் கையில் கொண்டுவந்து கொடுப்பார். நான் அங்கே இல்லை. மகள் சொல்லித்தான் தெரியும். தபால்காரர் தெரு நடுவில் சைக்கிளை நிறுத்தி, முதியோர் உதவி என்று சொல்லிப் பேரை உரக்கக் கூப்பிட்டாராம். மீன்காரம்மா வந்து கட்டைவிரல் வைத்தாராம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, “மச்சான், ஒங்க அக்காவுக்குப் பணம் வந்துருக்குது, எழுந்து நில்லுங்க” என்றார்களாம். அவர் எழுந்து நின்றாராம். அன்றிலிருந்து படகில் அவருக்குப் பேரே ‘சின்னப் பையன்’ ஆகிவிட்டது. கனமான நங்கூரத்தை இழுக்கச் சொல்வதும் அவரைத்தானாம், வயது குறைந்தவர் என்பதால். மீன்காரம்மா பஸ் ஏறுவதை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டார். எங்கள் தெருவில் காரப்பொடிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது.

2011இல் பென்ஷனுக்கான வயதை அறுபதாகக் குறைத்தார்கள். பத்திரிகையில் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. பழைய அட்டைக் கணக்கில் அந்த வருஷம் மீன்காரம்மாவுக்குச் சரியாக அறுபது, வீட்டுக்காரருக்கு அறுபத்திரண்டு. பென்ஷனும் கிடைத்திருக்கும், படகும் இருந்திருக்கும், யாரும் யாருக்கும் மூத்தவராக வேண்டியிருந்திருக்காது. அடுத்த தடவை அவர் எங்கள் கொல்லை வாசலில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். ரெண்டு வருஷம் பொறுத்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க வேண்டாமே என்றேன்.

அவர் செதில் சீவுவதை நிறுத்தவில்லை.

“எந்தப் பொய்யி டீச்சரம்மா?”

“நீங்க மூத்தவங்கன்னு சொன்னது.”

“அவரு மூத்தவருன்னு அம்பது வருசமா சொன்னேனே, அத இன்னான்னு எழுதி வச்சிருக்க?”

பிறகு மீன் தலையை வெட்டவா வைக்கவா என்று கேட்டார். நான் வைக்கச் சொன்னேன்.

அதன் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்காரரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். “எனக்கு அறுவதும்மா” என்றார். பஞ்சாயத்தில் கேட்டேன், சின்னப் பையனையா கேக்கறீங்க என்று சிரித்தார்கள். பிறப்புப் பதிவு இரண்டு பேருக்கும் இல்லை. இருவரும் புயல் வருஷத்தில் பிறந்ததாகச் சொல்கிறார்கள், ஆனால் எந்தப் புயல் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்திருந்ததாகச் சொல்லும் மிக வயதான ஒரு அம்மாள் அந்த ஊரின் கடைசித் தெருவில் இருந்தார். மீன்காரம்மா சிறுமியாக இருந்தபோது அந்தப் பையனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக அவர் உறுதியாகச் சொன்னார். அதை எழுதிக்கொண்டேன். புறப்படும்போது, என்னையும் அதே தெருவில் தூக்கி வளர்த்ததாகச் சொல்லி என் கன்னத்தைத் தடவினார். நான் பிறந்து வளர்ந்தது திருக்கோவிலூர்ப் பக்கம்.

தம்பி 2012இல் ஒருமுறை அந்தக் கணக்கைப் புதுப்பித்தான். இந்தத் தடவை ஆடுகள் அவற்றின் இடத்திலேயே இருந்தன. மீன்காரம்மாவுக்கு எழுபத்து மூன்று. வீட்டுக்காரருக்கு அறுபது. அவர் இன்னும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இருவரில் யார் மூத்தவர் என்பது 2012 டிசம்பர் 30, ஞாயிறு வரை நான் விசாரித்ததில் உறுதியாகவில்லை.